சாட்சிக் கூண்டில் ஏறாத கதாநாயகன்

“கூண்டுல ஏறுனீங்கன்னா நேரா ஜெயிலுக்குத்தானுங்க போவீங்க!”

“ஏம்மா, நான் பேசினா தியேட்டரே அழுவுது. ஒரு ஜட்ஜ் அழ மாட்டாரா?”

முதல் குரல் அன்புக்கரசி, வக்கீல் வரதராஜுலுவின் ஜூனியர். இரண்டாவது, கொலை வழக்கில் மாட்டியிருந்த நடிகர் தீபக். ஆர்.எஸ்.புரத்தில் வக்கீல் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில்தான். அன்று காலை என் செம்பருத்திக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றினேன். செடி கேட்டதா என்று விசாரிக்காதீர்கள்.

தொண்ணூற்று நாலில் கோவை முழுக்க இந்தப் பேச்சுத்தான். அவிநாசிப் பக்கம் ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. புரொடக்ஷன் மேனேஜர் சீனிவாசலு மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். தீபக் தள்ளியதைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர், பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணன். “சாயங்காலம் ஆறரைக்கு மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சிட்டு நின்னேனுங்க. மாடி பல்பு வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுதுங்க” என்று சாட்சி சொல்லியிருந்தார். அந்தச் சொல் நின்றால் தீபக்குக்கு ஆயுள் தண்டனை. அரசுத் தரப்புச் சாட்சி விசாரணை முடிந்துவிட்டது. தீபக் தரப்பில் சாட்சி உண்டா என்று மறுநாள் சொல்ல வேண்டும்.

அன்புக்கரசி ஒரு காகிதத்தை ஆட்டுவது தெரிந்தது. குதிகாலைத் தூக்கினால் எல்லாம் தெரியும்.

“சார், பல்பு எரிஞ்சுதுன்னு காட்டறக்குப் போலீஸே எந்நேரம் எந்தக் கரண்ட்டுன்னு எழுதற மின்சார வாரியத்து லாக் புத்தகத்தைத் தாக்கல் பண்ணியிருக்குது. அதையே படிங்க. அந்த வாரம் அந்த லைனுக்கு த்ரீ பேஸ் காலைல ஆறு மணியிலிருந்து பன்னெண்டு வரைக்குந்தான். அப்புறம் வெறும் டூ பேஸ். பல்பு எரியும், தோட்டத்து மோட்டார் ஓடாதுங்க.”

வரதராஜுலு முப்பது வருஷ வக்கீல். ஆனால் மின்சாரம் என்றால் அவருக்குச் சுவிட்ச் மட்டுந்தான் தெரியும். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பப் பொங்கியண்ணனைத் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டுப்போடலாம், அம்மணி!”

“கேட்டா, ‘கண்டென்சர் வெச்சு டூ பேஸ்லயே மோட்டாரை ஓட்டினே’ம்பாருங்க. எங்கப்பன் கூலிக்குப் போன தோட்டத்துல அப்படித்தான் திருட்டுத்தனமா ஓட்டுவாங்க. ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம், இவரும் ஏற வேண்டாம். மூச்சுக் காட்டாம இருந்து, கடைசி வாதத்துல எடுத்து வெக்கலாமுங்க. அப்புறம் அவரு மாத்திச் சொல்ல வழியில்லீங்க.”

“தப்பாப் போச்சுன்னா?” என்று கேட்டார் தீபக். குரலில் சினிமாவே இல்லை.

“போச்சுன்னா நீங்க உள்ள போவீங்க. நான் இந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டு ஊருக்குப் போவேன்.”

வாதத்தன்று டிபன் கேரியரோடு கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள், நியாயம் கேட்க அல்ல, தீபக்கைப் பார்க்க. அரசு வக்கீல் மத்தியானம் வரை பல்பையே பேசினார். லாக் புத்தகம் பொய் சொல்லாது என்று நாலு தரம் சொன்னார். பிறகு வரதராஜுலு எழுந்து, கேஸ் கட்டைத் தூக்கி அன்புக்கரசி கையில் கொடுத்தார். “நீயே சொல்லு, அம்மணி.”

இருபது நிமிஷம் கூட ஆகியிருக்காது. குரல் உயரவில்லை. அதே புத்தகத்தில் அதே பக்கத்தில், அடுத்த கட்டத்தை வாசித்தாள். “பொங்கியண்ணன் அங்கே நிற்க அவர் சொன்ன ஒரே காரணம் மோட்டார். அது ஓடாத நேரத்தில் அவர் எதற்கு அங்கே நின்றார்?” ஜட்ஜ் அந்தப் பக்கத்தில் பென்சிலை வைத்து, த்ரீ பேஸ் வந்த நேரத்தைச் சரிபார்த்தார். அரசு வக்கீல் துள்ளி எழுந்து, சாட்சியை மறுபடி விசாரிக்க வேண்டும் என்றார். “எல்லாம் முடிஞ்சு ஓட்டையை அடைக்க வர்றீங்களா?” என்று ஜட்ஜ் மறுத்துவிட்டார்.

எங்கள் தெருவின் எத்தனையோ கூத்துகளை நான் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் கூலிக்காரர் மகள் ஒருத்தி, போலீஸ் கொண்டுவந்த காகிதத்தாலேயே போலீஸ் வழக்கைச் சாய்த்ததை அன்றுதான் பார்த்தேன். மடியில் தயிர்சாதம் அப்படியே இருந்தது. வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தீபக் வாயே திறக்கவில்லை. அவர் நடித்ததிலேயே நல்ல நடிப்பு அதுதான் என்பேன்.

விடுதலை. தீபக் மெட்ராஸ் போய், அடுத்த வருஷமே அந்தப் படத்துக் கதாநாயகியைக் கட்டிக்கொண்டார். பொங்கியண்ணன், “மோட்டார் ஓடுதுங்களா?” என்று ஊரே கேட்பது பொறுக்காமல் திருப்பூரில் மகளிடம் போய்விட்டார். அன்புக்கரசி கோபிசெட்டிபாளையத்தில் தனி ஆபீஸ் போட்டாள். அங்கேயே பிரான்சிஸ் என்ற கணக்கு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வரதராஜுலு தன் மேசையையே லாரியில் ஏற்றிக் கல்யாணச் சீராக அனுப்பினார்.