இரும்பில் முளைத்த தேக்கு

நரிக்குடிப் பக்கம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு மரம் பார்க்க முடியாத ஓர் ஊரில் சுந்தரபாண்டி புது வீடு கட்டினார். அதனாலோ என்னவோ, மரத்தின் மேல் அவருக்கு அளவு கடந்த பிரியம். வாசலுக்குத் தேக்குக் கதவுதான் என்று அருப்புக்கோட்டை மரக்கடையில் போய் விலை கேட்டார். கேட்டதும் பிரியம் சற்றுத் தணிந்து, இரும்புக் கதவே போதும் என்று திரும்பிவிட்டார்.

“இரும்புக் கதவப் போட்டா ரைஸ்மில்லு மாதிரியில்ல இருக்கும்?” என்றாள் மனைவி முருகலட்சுமி.

அப்போதுதான் யாரோ முஸாஃபர் பாயைப் பற்றிச் சொன்னார்கள். அருப்புக்கோட்டைக்காரர். பதினாறு வருஷம் ஷார்ஜாவில் பெரிய பங்களாக்களில் சிமெண்டைப் பளிங்காகவும் தகரத்தைத் தேக்காகவும் மாற்றிக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பியவரின் திறமையை ஊரும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பள்ளிக்கூடச் சுவருக்கு மஞ்சள் அடிக்கவும் தண்ணீர்த் தொட்டிக்கு நீலம் அடிக்கவும் தவறாமல் கூப்பிட்டது.

முஸாஃபர் எட்டு நாள் வேலை செய்தார். கதவுக்கு முதலில் மங்கிய மஞ்சள் பூசிக் காயவிட்டார். அதன் மேல் காப்பி நிறத்தை நீர்க்கப் பூசி, ஈரம் காய்வதற்குள் ரப்பர் சீப்பால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தார். ரேகை ரேகையாக மரம் எழுந்து வந்தது. நடுநடுவே கட்டைவிரலை அழுத்தித் திருப்பினார்.

“பாய், அங்ஙன என்ன பொத்தலு மாதிரி இருக்கு?” என்றாள் முருகலட்சுமி.

“அது கணும்மா. கெள மொளச்ச எடம்.”

“இரும்புல கெள மொளைக்காதே பாய்?”

“இனிமே இது இரும்பு இல்லம்மா.”

முருகலட்சுமிக்கு அது பிடித்துப்போயிற்று. தட்டினால் தகரச் சத்தம் கேட்கக் கூடாதென்று, கதவு செய்யும்போதே உள்ளே தெர்மாகோல் அடைக்கச் சொன்னவள் அவள். அதே கையோடு சிமெண்டுத் தூண்கள் பளிங்கு ஆயின. பிளைவுட் பீரோ தோதகத்தி மரம் ஆனது.

கிரகப்பிரவேசத்துக்குப் பெரியப்பா மகன் ஜெகதீஸ்வரன் வந்தார். போன வருஷம்தான் அவர் தன் வீட்டுக்கு நிஜமான தேக்கிலேயே கதவு போட்டிருந்தார். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, தேக்கா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அண்ணனிடம் இருப்பதே தன்னிடமும் இருக்கிறது என்று சொல்லவா இவ்வளவு பாடு?

“தேக்கெல்லாம் இப்ப யாருண்ணே போடுறா? இது செம்மரம்.”

“செம்மரமா! அது கெடைக்காதேப்பா?”

“கெடைக்கிறவுகளுக்குக் கெடைக்கும்ணே.”

பந்தியில் உட்கார்ந்திருந்த முஸாஃபருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வரைந்தது தேக்கு. செம்மரத்துக்கு நிறமே வேறு. வேலையைப் பாராட்டாவிட்டாலும் பரவாயில்லை, மரத்தின் பெயரையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம்.

தம்பியின் முன்னேற்றத்தில் உண்மையான அக்கறை கொண்ட ஜெகதீஸ்வரன், சொல்ல வேண்டிய இடத்துக்கு போனில் விஷயத்தைச் சொன்னார். ஒன்பதாம் நாள் வனத்துறை ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஒரு பெண், கூட இரண்டு காவலர்கள்.

“செம்மரக் கதவாமே. எங்க வாங்குனீங்க? பில்லு இருக்கா?”

“மேடம், அது இரும்பு மேடம்.”

அதிகாரி கதவைப் பார்த்தார். பிறகு சுந்தரபாண்டியைப் பார்த்தார். கதவைத் தட்டினார். தெர்மாகோலின் புண்ணியத்தால் நல்ல கனமான மரச் சத்தம் வந்தது.

“செம்மரம் மாதிரி தெரியல. தேக்குதான். ஆனா இரும்புன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் சந்தேகமா இருக்கு.”

சுந்தரபாண்டி முஸாஃபருக்கு போன் போட்டார். “பாய், ஆபீசரம்மா தேக்குன்னே சாதிக்கிறாக. கையோட கெளம்பி வாங்க. வந்து இது இரும்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

திருச்சுழி வழியாக முஸாஃபர் பைக்கில் வந்து சேர்வதற்குள் ஊரே வாசலில் கூடிவிட்டது. ஜெகதீஸ்வரன் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

“நீங்கதான் அடிச்சதா? எங்க, சுரண்டிக் காட்டுங்க,” என்றார் அதிகாரி.

முஸாஃபர் பையிலிருந்து பெயிண்ட் சுரண்டும் தகட்டை எடுத்தார். கை போகவில்லை. பதினாறு வருஷமாக அவர் வேலைக்குக் கான்ட்ராக்டர்தான் பெயர் வாங்கினார். இன்றைக்குத்தான் விவரம் தெரிந்த ஒருவர் அவர் வேலையைப் பார்த்துத் தேக்கு என்று சொல்லியிருக்கிறார்.

“கீழ ஓரமா, ஒரு ரூவா அளவு போதுமா மேடம்?”

“நடுவுல சுரண்டுங்க பாய்! எல்லாத்துக்கும் தெரியட்டும்!” என்று சுந்தரபாண்டி கத்தினார். மாவிலைத் தோரணம் கட்ட ஓர் ஆணி அடிக்க விடாத மனுஷன், தகட்டைப் பிடுங்கித் தானே கதவின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் தகரம் பல்லைக் காட்டியது.

“பாருங்க மேடம், இரும்பு! சுத்தமான இரும்பு!”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயம் விடவில்லை. “அந்தத் தூணு சிமெண்டு மேடம். பீரோ வெறும் பிளைவுட்டு!” என்று யாரும் கேட்காததையும் ஒப்புக்கொண்டார். முருகலட்சுமி எழுந்து உள்ளே போய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெகதீஸ்வரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அதிகாரி எழுதவேண்டியதை எழுதிக்கொண்டு கிளம்பினார். போகும்போது முஸாஃபரிடம் நின்றார். “அந்தக் கணுவ எதால போட்டீங்க?”

“கட்டவெரல்தான் மேடம்.”

அவர் அந்த விரலை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார். முஸாஃபருக்குக் கண் கலங்கியது. குனிந்து தகட்டைத் துடைப்பது போல் பாவனை செய்தார்.

மறுநாளே கதவு மறுபடி தேக்கானது. சுந்தரபாண்டி ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு, “ஆபீசரே ஏமாந்த வேல தெரியும்ல?” என்று தானே வரைந்தது போலப் பேசத் தொடங்கினார்.

கஷ்டம் ஜெகதீஸ்வரனுக்குத்தான். அவர் கதவும் இரும்புதானோ என்று ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்தவர் போனவரெல்லாம் வண்டிச் சாவியால் ஒரு கீறல் கீறிப் பார்த்தார்கள். இருபது நாளில் கதவு கண்ட கோலமாகிவிட்டது.

“பாய், இது நெசத் தேக்கு. கீறியே நாசமாக்கிப்புட்டாய்ங்க. எதாச்சும் பண்ணுங்க,” என்று முஸாஃபரிடம் வந்து நின்றார்.

முஸாஃபர் கதவைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார்.

“மரம் நல்ல மரந்தான். ரேகதான் கொஞ்சம் சரியா விழல,” என்று சொல்லிவிட்டு, தேக்கின் மேல் பட்டி பார்த்து, மஞ்சள் பூசி, தேக்கு வரையத் தொடங்கினார்.