கல்லில் வந்த பச்சை

கல் பச்சை கட்டினால் கடல் சரியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் எண்ணூர்க் குப்பத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. கரையைக் காக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை மழைக்காலத்து அலை சுரண்டி மொட்டையாக்கிவிடும். தையில் மறுபடி பாசி பிடித்ததும், கல்லில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி எடுக்க இறங்குவோம். எங்கள் அடுப்பு எரிவது அதில்தான்.

இந்த முறை வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. யாருடைய எண்ணெய் என்று இன்றுவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கற்கள் தார் பூசியதுபோல் ஆயின. தையிலும் பாசி வரவில்லை. என் வீட்டுக்காரர் நீலமேகம் சோறு இறங்காமல் கிடந்தார். என் தம்பி சுப்புராயன் யார் யாரிடமோ கெஞ்சி, கன்டெய்னர் யார்டில் அவருக்கு வாட்ச்மேன் வேலை பிடித்தான். திங்கட்கிழமை சேர வேண்டும்.

ஞாயிறு காலை நீலமேகம் ஓடிவந்தார். "இன்னாமே தூங்கினுகீற? வந்து பாரு, கல்லு பச்சையா கீது!"

பச்சைதான். எந்த வருடமும் பார்க்காத பச்சை, ஜமக்காளம் விரித்த மாதிரி. எண்ணெய் ஊறின கல்லில் இவ்வளவா? சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் அங்கேயே நின்று தம்பிக்கு ஃபோன் போட்டார்.

"வேலை வேணாம் மச்சான். கடலு பொழைச்சிக்கிச்சு."

"அவசரப்படாதயா" என்றேன். என் பேச்சை இந்த மனுஷர் என்றைக்குக் கேட்டிருக்கிறார்!

மறுநாள் அவர் உளியோடு இறங்கினார், நான் கூடையோடு. பாசியை விலக்கினால் ஆளி இருந்தது. அத்தனையும் வாய் பிளந்த வெறும் ஓடு. அடுத்த கல்லிலும் அதே கதி. ஒரே தண்ணீர், ஒரே எண்ணெய். ஆளி செத்து, பாசி மட்டும் கொழுப்பது எப்படி? கல்லைத் தடவினேன். வழுவழுவென்றிருந்தது. எப்போதும் கல் முழுக்க ஒட்டிக்கிடக்கும் நத்தையில் ஒன்றுகூடக் கையில் தட்டுப்படவில்லை.

"யோவ், நத்தைங்கோ எங்கய்யா?"

அவர் குனிந்து தேடினார். பாசியைப் பிடுங்கிப் பிடுங்கித் தேடினார்.

"ஒண்ணுகூட இல்லமே. அப்பறம் இது மட்டும் இன்னாத்துக்கு இப்டி வளந்துகினு கீது?"

"அதுங்கதான் பாசிய மேஞ்சு மேஞ்சு அடக்கி வச்சிருந்துச்சு. அல்லாம் செத்துப்போச்சுயா. பாசியத் துன்ன ஒரு உசுரும் இல்ல, அதான் வளருது."

அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. நான் கரையேறி, அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்க சுப்புராயனை ஃபோனில் கூப்பிட்டேன்.

"காலைலயே வேற ஒருத்தரை சேத்துட்டாங்கக்கா" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். நீலமேகம் அடுத்த கல்லுக்குப் போய்ப் பாசியை விலக்கிக்கொண்டிருந்தார்.