நான்காம் வளைவில் மஞ்சள் கார்

ஸ்தூரேவுக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகிப் பயனில்லை. நாற்பத்தெட்டு வயதில், இருபது வருடமாக டவுன் பஸ் ஓட்டும் மனிதனுக்கு, இருபத்திரண்டு வருடம் கூடவே இருக்கும் மனைவிமேல் திடீரென்று சந்தேகம் வந்தால் ஊர் சிரிக்கும். லுட்விகா சின்ன ஊர். சிரிக்க ஆரம்பித்தால் ஒரே நாளில் சிரித்து முடித்துவிட்டு மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தான்.

எல்லாம் ஜனவரியில், காலைக் காபியின்போது ஆரம்பித்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மனைவி அக்னேத்தா கேட்டாள்.

"நானும் ஒரு ரிமோட் கார் வாங்கலாம்னு இருக்கேன். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எது சரியா இருக்கும்?"

ஸ்தூரேவின் கையில் காபி அப்படியே நின்றது. எட்டு வருடமாக ரிமோட் கார் கிளப்பில் இருக்கிறான். ஐந்தாம் இடத்துக்கு மேலே ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் கார்களைப் பற்றி அவனைவிட அதிகம் படித்தவன் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. இத்தனை நாளும் அவனிடம் யாருமே எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அன்று அவன் வேலைக்குத் தாமதமாகப் போனான். பூட்டி முடித்த காரா, பெட்டியில் பாகங்களாக வருவதா, நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா, இரண்டு போதுமா, எந்த மோட்டார், எந்த பேட்டரி என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. மறுநாள் ஒரு அட்டவணையே போட்டுக் கொண்டுவந்தான். பதினொரு கட்டம், மூன்று நிறம்.

"இதைப் பாரு. பெரிய டயர், நாலு சக்கரமும் இழுக்கும். நம்ம ஏரிக்கரை வீட்டுக்குப் போற சரளைக்கல் பாதையில விட்டேன்னு வை, முயல் மாதிரி துள்ளும்."

"முயலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"விளையாட்டா எடுத்துக்காத. புதுசா ஓட்டறவங்க போய் முட்டுவாங்க, மோதுவாங்க. இது தாங்கும்."

"நீ என்னைக் கேக்கவே இல்லையே, ஸ்தூரே," என்றாள் அவள்.

"என்ன கேக்கணும்? உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீயேதானே சொன்ன?"

அக்னேத்தா அட்டவணையை மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. பத்து நாள் கழித்து ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சின்னக் கார், முழங்கை நீளம்கூட இல்லை. கிளப்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கம்பளம் விரித்து ஓட்டுகிறார்களே, அதே ரகம். ஸ்தூரே ஓட்டுவதும் அதுதான்.

"இது யாரு சொல்லி வாங்கின?"

"ரோலாண்ட்."

அவள் பல் மருத்துவமனையில் நர்ஸ். ரோலாண்ட் பல் அடைக்க வந்திருக்கிறான்.

"நாற்காலியில படுத்திருந்தாரு. வாய் நெறயப் பஞ்சு. கேட்டேன், ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டாரு," என்றாள் சிரித்துக்கொண்டே.

பஞ்சோடு ரெண்டு நிமிஷம்! ஸ்தூரே பஞ்சே இல்லாமல் இரண்டு வாரம் பேசியிருந்தான். அவன் காதில் புகை வந்தது. ரோலாண்ட் என்றால் சும்மா இல்லை. நான்கு வருடமாகக் கிளப்பின் முதல் ஆள். விவாகரத்து ஆனவன். அந்த வயதில் அவ்வளவு முடி யாருக்கும் இருக்கக் கூடாது, அவனுக்கு இருந்தது. எந்தக் காராக இருந்தாலும் மேல்கூட்டை மஞ்சளில் அடித்து நடுவில் ஒரு கறுப்புக் கோடு போடுவான். அந்தக் கோட்டைக் கண்டாலே ஸ்தூரேவுக்கு நெஞ்செரிச்சல்.

கூடத்தில் ஓட்டுகிற கார் எதற்கு இவளுக்கு? அந்தக் கேள்வி ஸ்தூரேவை விடவில்லை. எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை அவள் தானும் வருகிறேன் என்றாள். டயருக்குத் தடவும் எண்ணெய் நாற்றம், நாள் முழுக்க ஒரே சத்தம், உனக்குச் சலிப்பாக இருக்கும் என்று அவன்தான் தடுத்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது திடீரென்று ஆசை எங்கிருந்து வந்தது? கூடத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? விடை மஞ்சளாக, கறுப்புக் கோட்டோடு அவன் கண்முன் வந்து நின்றது.

புதன்கிழமை மாலைகளில் கூடம் பயிற்சிக்குத் திறந்திருக்கும். புதன்கிழமை ஸ்தூரேவுக்கு பஸ். அக்னேத்தா புதன்தோறும் போனாள். திரும்பி வரும்போது கன்னம் சிவந்திருக்கும்.

"யாரெல்லாம் வந்திருந்தாங்க?" என்பான் அவன், ஏதோ வானிலை விசாரிப்பதுபோல.

"இல்வா, ரோலாண்ட், இன்னும் நாலு பேரு. வளைவுல ஆக்சிலரேட்டரை விடணுமாம், அப்பத்தான் மூக்கு உள்ள திரும்புமாம். ரோலாண்ட் சொன்னாரு."

"அதை நான் சொல்ல மாட்டேனா?"

"நீ பஸ்ஸுல இருந்தியே."

நியாயமான பதில்தான். நியாயமாக இருந்ததே அவனுக்கு இன்னும் எரிந்தது.

மார்ச்சில் அக்னேத்தாவுக்கு முதல் பந்தயம். அன்று பன்னிரண்டு பேர், ஆறு ஆறாக இரண்டு குழு. முதல் குழு ஓட்டும்போது இரண்டாம் குழு ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு வளைவுக்கு ஒருவராக நிற்க வேண்டும். கவிழ்ந்த காரைத் தூக்கி நிமிர்த்தி விடுவது அவர்கள் வேலை. பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்; நாள் முழுக்க இப்படிச் சில ஓட்டம், அவற்றில் சிறந்ததுதான் கணக்கு. யார் கார் என்று பார்க்கக் கூடாது. எதிரியானாலும் ஓடிப்போய் நிமிர்த்த வேண்டும். அந்தக் கிளப்பில் தோற்பவனை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. கவிழ்ந்த காரைத் தூக்காதவனோடு மட்டும் யாரும் காபி குடிக்க மாட்டார்கள்.

வாசலில் பனிக்காலணிகளைக் கழற்றிவிட்டு எல்லாரும் உள்ளே போடும் செருப்புக்கு மாறினார்கள். ஸ்தூரே முதல் குழுவில் ஓட்டி ஐந்தாவதாக வந்தான். ஓட்டும் மேடையிலிருந்து இறங்கும்போது ரோலாண்ட் எதிரே வந்தான்.

"என்ன ஸ்தூரே, அந்த அஞ்சாம் எடத்தை உம் பேருக்கே எழுதிக் குடுத்துடலாமா?"

"நீ உன் வேலையப் பாரு."

"அட, சிரிப்பா. இன்னிக்கு உம் பொண்டாட்டி எங்க குழு. ஒரு கண்ணு வச்சுக்கறேன்."

தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவன் போனான். ஒரு கண்ணாம்! ஸ்தூரே அங்கியை மாட்டிக்கொண்டு நான்காம் வளைவில் போய் நின்றான். ஓட்டுகிறவர்கள் உயரமான பலகை மேடையில் வரிசையாக நின்றார்கள். அக்னேத்தாவுக்குப் பக்கத்தில் ரோலாண்ட். அத்தனை நீள மேடையில் அவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும். குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

ஒலிபெருக்கியில், பந்தயத்தை நடத்தும் இல்வா "மூணு, ரெண்டு" என்று எண்ணினாள், பீப் அடித்தது, கார்கள் கிளம்பின. ஸ்தூரே கார்களைப் பார்க்கவில்லை. மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தோளுக்கும் இந்தத் தோளுக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான்.

காலடியில் டொக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தான். மஞ்சள் மேல்கூடு, நடுவில் கறுப்புக் கோடு. மல்லாந்து கிடந்த காரின் சக்கரங்கள் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தூக்க இரண்டு விநாடி போதும். எட்டு வருடத்தில் எத்தனையோ நூறு கார்களைத் தூக்கிய கை அது. அன்றைக்கு அந்தக் கை வேறு பக்கம் போனது. ஸ்தூரே ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஷூவுக்கு லேஸ் கட்ட ஆரம்பித்தான்.

"நாலாவது வளைவு! கார் கவுந்துடுச்சு!"

அக்னேத்தாவின் குரல். ஸ்தூரேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பார், அவனுக்காக இவள் கத்துகிறாள்! அவன் காரைத் தூக்கச் சொல்லி, கட்டின புருஷனை, ஊர் பார்க்க!

"தூக்கேன்! ஸ்தூரே!"

அவன் இல்லாத லேஸில் இரண்டாவது முடிச்சுப் போட்டான். அப்போது அவன் மூக்குக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், இன்னொரு மஞ்சள் கார் கறுப்புக் கோட்டோடு விர்ரென்று வளைந்து போனது.

ஸ்தூரே மேடையை அண்ணாந்து பார்த்தான். ரோலாண்ட் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தான். அக்னேத்தாவின் கையில் ரிமோட் சும்மா தொங்கியது. அவள் இப்போது கத்தவில்லை.

பதறிப்போய்க் காரைத் தூக்கி நிமிர்த்தினான். அவசரத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து வைத்துவிட்டான். அடுத்து வந்த கார் அதன்மேல் நேராக மோதியது. முன்சக்கரம் கழன்று கம்பளத்தில் உருண்டு ஓடியது. அக்னேத்தாவின் முதல் பந்தயம் அத்தோடு முடிந்தது.

"நாலாவது வளைவு, ஸ்தூரே," என்றாள் இல்வா ஒலிபெருக்கியில், ஏதோ தொலைந்த கையுறையைப் பற்றி அறிவிப்பதுபோல. "கார் தூக்காததுக்கு, உங்க சிறந்த ஓட்டம் ரத்து."

கூடத்தில் எல்லாரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அக்னேத்தா மேடையிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தாள். அடுத்த ஓட்டத்துக்கு நான்காம் வளைவில் அவள்தான் நிற்க வேண்டும். அங்கிக்காகக் கை நீட்டினாள்.

"என்னோட கார்னு தெரிஞ்சுதான் விட்டியா?"

"கவனிக்கல. லேஸ் அவுந்திருந்துச்சு."

அவள் கீழே பார்த்தாள். அவனும் பார்த்தான். காலில் தோல் செருப்பு. இரண்டு வார், ஒரு கொக்கி.

ஸ்தூரேவுக்கு இரண்டே வழி இருந்தது. தெரிந்துதான் விட்டேன் என்றால் கட்டின மனைவியைக் கவிழ்த்த கயவன். தெரியாமல் விட்டேன் என்றால் அது யார் கார் என்று நினைத்தாய் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் மூன்று மாதமாக மூடி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். பஸ் ஓட்டுகிறவனுக்கு முட்டுச்சந்து என்றால் என்னவென்று தெரியும். பின்னால் எடுக்கவும் இடமில்லை.

"ரோலாண்டோடதுன்னு நெனச்சேன்," என்றான்.

"என்னோட பச்சைக் கூடு காலையில ஒடைஞ்சு போச்சு. நீ வெளிய சாசேஜ் வாங்கிட்டிருந்த. அவருதான் கூடுதலா இருந்த ஒண்ணைக் குடுத்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இரு. அவரோடதுன்னா மட்டும் விட்டுடுவியா? ஏன்?"

அவன் அங்கியைக் கழற்றினான். முகம் சொல்லிவிட்டது. காது வரை சிவந்திருந்தது.

அக்னேத்தாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியபோது அவள் சிரிப்பாள் என்று அவன் பயந்தான். அவள் சிரிக்கவில்லை.

"அட மடையா," என்றாள் மெதுவாக. "அந்தாளு எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு தெரியுமா? எங்க ஓட்டப் போறீங்கன்னு. கடைசி வரைக்கும் நீ அதைக் கேக்கவே இல்ல. ஏரிக்கரையில தனியா ஓட்டுவேன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

"நீ என்ன சொன்ன அவன்கிட்ட?"

"ஞாயித்துக்கிழமை எம் புருஷன் எங்க ஓட்டறானோ அங்கன்னேன். எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காபி தனியாத்தான் குடிக்கிறேன், ஸ்தூரே. கார் மேல எனக்கு என்ன பெரிய ஆசை?"

அவன் கையிலிருந்து அங்கியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். இல்வா முதல் குழுவைக் கூப்பிட்டாள்.

ஸ்தூரே மேடையேறினான். பொறாமை போய்விட்டது, அது இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பொறாமையாவது கொஞ்சம் சூடாக இருந்தது. கீழே நான்காம் வளைவில் அக்னேத்தா நின்றாள், கைகளை முழங்காலில் ஊன்றி, கண்ணைக் கம்பளத்திலேயே வைத்து, சொல்லிக்கொடுத்தது பிசகாமல். அவனைப் பார்க்கவே இல்லை.

பீப் அடித்தது. முதல் சுற்றிலேயே நான்காம் வளைவுக்கு முன்னால் ஸ்தூரே வேகத்தைக் குறைத்தான். அடுத்த சுற்றிலும் அப்படியே. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்ததும், ஸ்டாப்பிங்கில் பஸ்ஸைக் கொண்டுவந்து ஒதுக்குவதுபோல, காரை அவள் காலடி வழியே அலுங்காமல் கொண்டுபோனான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முந்திப் போனார்கள். ரோலாண்ட் இரண்டாம் வளைவிலிருந்து கையாட்டி, "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று கேட்டான். ஐந்து நிமிட ஓட்டம் முடிந்தபோது ஆறு பேரில் ஆறாவது ஸ்தூரே.

கீழே இறங்கிக் காரை எடுக்கப் போனான். அக்னேத்தா அதை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"ஏன் அப்படி ஊர்ந்த? கவுந்தாலும் நான் ஓடிவந்து தூக்கியிருப்பேனே."

"தெரியும்," என்றான் ஸ்தூரே. "உன்னோடதை நான் தூக்கலியே. அதுக்குத்தான் பயந்தேன்."