ஓரகத்தியின் மின்சாரக் கார்

ஓரகத்தி புதிதாக வாங்கிய மின்சாரக் கார் சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றபோது டாக்டரம்மாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் மாட்டு டாக்டர். அவளுடைய பழைய பெட்ரோல் காரில் ஏறினாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் மாமனார், சின்ன மருமகளுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"வண்டின்னா இது வண்டி!" என்றார், இறங்கும்போது.

அவர்கள் கிளம்பிப் போனதும் டாக்டரம்மா கணவனிடம், "நாமளும் ஒண்ணு வாங்குறோம்" என்றாள்.

"எங்க சார்ஜ் போடுவ? தம்பிக்குத் தனி வீடு, ஷெட் இருக்கு. நம்ம வண்டி தெருவுல நிக்குது. மூணாவது மாடியிலேருந்து ஒயரைத் தொங்கவிடப் போறியா?"

"அப்ப கேஸ் வண்டி."

"சிலிண்டரே டிக்கியை அடைச்சுக்கும். உன் மருந்துப் பெட்டி, தடுப்பூசி ஐஸ் பெட்டி, சாணி பூட்ஸு எல்லாத்தையும் என் மடியில வெச்சுக்கவா?"

அவன் சொன்னது அத்தனையும் நியாயம். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் கூடியது. "அவளுக்கு மட்டும் எல்லாம் அமையுது" என்று முணுமுணுத்தாள். ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஓரகத்தியிடமே காரை ஒரு நாளைக்கு இரவல் கேட்டாள். முகம் சுளிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். சின்னவளோ, "தாராளமா எடுத்துட்டுப் போங்கக்கா" என்று சாவியை நீட்டிவிட்டாள். அந்தப் பெருந்தன்மை வேறு குத்தியது.

தார்ச்சாலையில் கார் மிதந்தது. பண்ணைகளுக்குப் போகும் மண்பாதையில் அடிப்பாகம் தட்டியது. மேடு ஏற ஏற சார்ஜ் மளமளவென்று இறங்கியது. அப்போது பார்த்து மலைமேல் கடைசிப் பண்ணையிலிருந்து போன். சினைப் பசு ஈன முடியாமல் தவிக்கிறது, கன்று குறுக்கே கிடக்கிறது. போய்ச் சேர்ந்துவிடலாம், திரும்பி வர சார்ஜ் காணாது. அவள் வண்டியை மலைமேலேயே ஓட்டினாள்.

கன்றைத் திருப்பி வெளியே இழுப்பதற்குள் உடம்பெல்லாம் ரத்தமும் சாணியும். பண்ணைக்காரர் பால் கறக்கும் கொட்டகையிலிருந்த பிளக்கில் காரை மாட்டிவிட்டார். சார்ஜ் ஏறுகிறதா என்றே தெரியாத வேகம். காருக்குள் சாய்ந்து உட்கார்ந்து ஓரகத்திக்குப் போன் போட்டாள்.

"வண்டி வர லேட்டாகும். சீட்டுலயும் கறை பட்டுடுச்சு." இப்போதாவது கத்துவாள் என்று ஒரு நப்பாசை.

"கன்னுக்குட்டி பொழச்சுதா?"

"தாயும் கன்னும் நல்லாருக்கு."

பிறகு சின்னவள் சொன்னாள்: "அக்கா, அன்னைக்கு மாமாவை வண்டியில கூட்டிட்டுப் போனேன்ல? வழி பூரா உங்க புராணம்தான். 'பெரியவ கை வெச்சா செத்த மாடும் எழுந்து நிக்கும்'னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பாதியிலயே இறக்கி விட்டுடலாமான்னு நெனச்சேன்."

டாக்டரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். "விட்டிருக்கணும் நீ!"

கடைசியில் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும், டிக்கி விசாலமான ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினார்கள். பொறாமை ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓரகத்திகள் இருவரும் இப்போது அடிக்கடி போனில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மாமனாரைப் பற்றித்தான்.