கீழ்த்தொட்டியில் இரண்டு சாண்

அம்மான் நகரத்தில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான் வரும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனுக்காவது, வரவேற்பறையில் ஆயிரத்து இருநூறு லிட்டர் தண்ணீரை மீனுக்கென்று நிறுத்திவைக்கத் தோன்றுமா? முன்திருக்குத் தோன்றியது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மனிதர். வீட்டில் ஒரு பல்பை மாற்றச் சொன்னால் மூன்று நாள் யோசிப்பார், நாலாம் நாள் வேறு பல்பைக் கழற்றுவார். அவர் மனைவி ஃபிர்யால் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இந்தக் கூத்துக்கு அவர் பார்த்த நேரத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜாஹா வருகிறது. ஜாஹா என்றால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வந்து முறைப்படி பெண் கேட்பது. மகள் ரனீமுக்கு முப்பத்திரண்டு வயது. முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயின. இரண்டையும் அப்பன்காரன்தான் கெடுத்தான் என்பது ஃபிர்யாலின் தீர்ப்பு. ஒரு கூட்டத்தை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வெந்நீர்ச் சூரியத்தட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாராம். மூன்றாவதாக வரும் குத்தைபா, ரனீமே மனசுக்குப் பிடித்துத் தேர்ந்தெடுத்த பையன். இதுவும் போனால் மகள் இனி யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள் என்று தாய்க்குத் தெரியும். அந்தப் பயத்தில் அவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இவரோ மீன்தொட்டிக்கு அடியிலிருந்த மரப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். மேலே நாலு ஆஸ்கார் மீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரியது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. கீழே பெட்டிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி, குறுக்கே தடுப்புகள் வைத்தது. மேல்தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, பஞ்சு, பீங்கான் வளையங்கள், ஸ்பாஞ்ச் என்று ஒவ்வொரு அறையாகத் தாண்டிச் சுத்தமாகும். கடைசி அறையில் கிடக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும்.

"மேல ஒரு தொட்டி. அதைக் கழுவக் கீழ ஒரு தொட்டி. கீழ்த்தொட்டியைக் கழுவ யாரு, நானா?"

"அந்தப் பஞ்சை மட்டும் அப்பப்ப அலசினாப் போதும், உம்மு ரனீம். இந்த மீனுங்க ரொம்ப அசிங்கம் பண்ணும். சின்ன ஃபில்டர் தாங்காது." உம்மு ரனீம், அதாவது ரனீமின் தாய், என்றுதான் அவர் மனைவியைக் கூப்பிடுவார்.

"அசிங்கம் பண்றதுதான் தெரியுதே, அப்புறம் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குடையுது குடையுதுன்னா எப்படி?"

தண்ணீர் இறங்குகிற சத்தம் வேறு. யாரோ நாள் முழுக்க உட்கார்ந்து நர்கீலா ஹூக்கா இழுப்பதுபோல் குளுகுளுவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அவள், "மீன் புகை பிடிக்குது" என்றாள். அவர் சிரித்துவைத்தார். அவரால் முடிந்தது அதுதான்.

புதன்கிழமை மாலை அவர் கீழ்த்தொட்டியில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினார். மோட்டாரை நிறுத்திப் பார்த்தார், மறுபடி ஓட்டினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உம்மு ரனீம், ஒரு நிமிஷம் வந்து பாரு! மோட்டார் நின்னா மேல இருக்கிறது எவ்வளவு கீழ வருதுன்னு..."

ஃபிர்யால் சுரைக்காய்க்குள் அரிசியும் கறியும் திணித்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று தடவை கூப்பிட்டார். அவள் போகவில்லை. "வகுப்பு நடத்த ஆள் தேடுறாரு" என்றாள் ரனீமிடம். "பள்ளிக்கூடத்துல பசங்க தூங்கினது போதாதா?"

"பாவம்மா அவரு" என்றாள் ரனீம்.

"எல்லாப் பாவமும் என் தலையிலதான்."

வியாழக்கிழமை அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. முன்திர் தம் பக்கத்துப் பெரியவர்களை அழைக்கப் போயிருந்தார். காலையில் குழாய் சீறியதும் கட்டடம் முழுக்க ஓட்டமும் பிடியுமாக ஆனது. தண்ணீர் நாளில் வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருந்தால் அம்மான் பெண்களுக்கு உடம்பெல்லாம் எரியும். மாடி டாங்குகள், பீப்பாய், வாளி, அண்டா, கெட்டில், குளியல்தொட்டி என்று ஃபிர்யால் எதையும் விடவில்லை. பூச்சாடியைக்கூட நிரப்பினாள். கடைசியில் வரவேற்பறையைத் துடைக்க வந்தவள் அந்த மரப்பெட்டியைத் திறந்தாள்.

கீழ்த்தொட்டியில் மேலே இரண்டு சாண் காலியாகக் கிடந்தது. தண்ணீர் மட்டத்தில் அந்தச் சிவப்பு டேப், ஏதோ எல்லைக்கோடு மாதிரி.

"யா அல்லாஹ்! இந்த மனுஷனுக்கு மூளைன்னு ஒண்ணு வச்சியா இல்லையா?" என்று வாய்விட்டே கேட்டாள். நாளைக்கு எவனாவது இதைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பான்? தொட்டி வாங்கத் தெரிந்தது, ரொப்ப வக்கில்லை என்று நினைக்கமாட்டானா? ரப்பர் குழாயை இழுத்து வந்து உள்ளே விட்டாள். விளிம்புக்கு ஒரு விரல்கிடை இருக்கும்போது நிறுத்தினாள். குளோரின் போக அவர் ஊற்றுகிற மருந்திலும் மூன்று மூடி விட்டாள். அதுவும் பெரிய வித்தையா என்ன? தண்ணீர் நிறைந்ததும் அந்தக் குளுகுளு சத்தம் பாதியாக அடங்கிவிட்டது. மூன்று வாரமாக இந்த மேதாவியால் முடியாததைத் தான் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டதாக அவளுக்கு ஒரே பெருமை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஜாஹா வந்தது. இருபத்திரண்டு ஆண்கள், இருபத்திரண்டு அத்தர் வாசனை. பெண்கள் உள்ளறையில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் ஹாஜி தவ்கானுக்கு வயது எண்பது, காதில் கருவி. மாப்பிள்ளையின் பெரியப்பா அவருக்கு அடுத்து உட்கார்ந்து, இந்த வீட்டுச் சுவருக்கு எப்போது சுண்ணாம்பு அடித்தார்கள் என்று கண்ணாலேயே கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஏலக்காய் மணக்கக் காப்பி வந்தது. வழக்கப்படி ஹாஜி கோப்பையை வாங்கி, குடிக்காமல் எதிரே வைத்தார். பெண்ணைத் தருகிறோம் என்ற சொல் வந்த பிறகுதான் அதைத் தொடுவார்.

பேச வாயைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். "வாத்தியாரே, உங்க மீன் என் காது மெஷினுக்குள்ள பூந்து கொய்ங்குனு பேசுது. அதைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முன்திரும் சிரித்தபடி எழுந்து மோட்டாரை நிறுத்தினார். அவருக்கென்ன கவலை? அளந்து பார்த்தாயிற்றே.

ஹாஜி ஆரம்பித்தார். ஆதம் நபியில் தொடங்கி, தம் குலத்தின் ஒட்டகங்கள், அவற்றின் குணங்கள், குத்தைபாவின் கொள்ளுத்தாத்தா ஒரே வீச்சில் ஓநாயைக் கொன்றது என்று நிதானமாக வந்துகொண்டிருந்தார். பெண் பெயர் வருவதற்குள் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை நேரம் ஆகிவிடும் போலிருந்தது. அந்த நேரமெல்லாம் மேல்தொட்டித் தண்ணீர் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"உம்மா, பெட்டிக்குக் கீழ பாரு" என்றாள் ரனீம்.

மரப்பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து, தரையில் பரவி, கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்திருந்தது. ஃபிர்யாலுக்கு அந்த இரண்டு சாண் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. மேலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு விட்ட இடம் அது. அவர் மூன்று தடவை கூப்பிட்டுக் காட்ட நினைத்ததும் அதைத்தான்.

பெரியப்பா காலைத் தூக்கிச் சப்பாத்தைப் பார்த்தார். "அட, வாத்தியார் வீட்டுல மழை கீழேர்ந்து பெய்யுது! ஊரே சொட்டுத் தண்ணிக்குத் தவம் கிடக்கு, இங்க வெள்ளம். ஒரு தொட்டியை ஒழுங்கா வைக்கத் தெரியலை. இவர் வளத்த பொண்ணு குடும்பத்தை எப்படி வைக்கப்போகுது?"

யாரோ களுக்கென்று சிரித்தான். குத்தைபா தலையைக் குனிந்துகொண்டான். ரனீம் தாயின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

முன்திர் போய் மோட்டாரைப் போட்டார். மரப்பெட்டியைத் திறந்தார். சிவப்பு டேப் தண்ணீருக்கு எங்கோ அடியில் கிடந்தது. பிறகு தலையைத் திருப்பி உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று ஃபிர்யால் கண்ணை மூடிக்கொண்டாள். அவளாயிருந்தால் சொல்லியிருப்பாள். இருபத்திரண்டு பேரை மட்டுமல்ல, தெருவையே கூட்டிச் சொல்லியிருப்பாள்.

"தப்பு என்னோடது" என்றார் முன்திர். "கணக்குல பிசகிட்டேன். பெரியவங்க மன்னிக்கணும். என் பொண்ணுக்கு இந்தக் கோளாறு கிடையாது. அவ தாய் மாதிரி, கெட்டிக்காரி."

மோட்டார் ஓடவும் ஹாஜியின் காதில் மறுபடி கொய்ங் என்றது. அவர் கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் சோபாவின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "ஓநாய்க் கதையை நான் முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் முங்கிருவோம் போலிருக்கு. சுருக்கமாக் கேக்கறேன் வாத்தியாரே, எங்க குத்தைபாவுக்கு உங்க ரனீமைத் தர்றீங்களா? பெரியப்பாக்காரா, நீ வாயை மூடு. உன் கல்யாணத்துல பந்தலே விழுந்துச்சு, நானும் அடியில இருந்தேன்."

காது கேட்காதவரிடம் எதைச் சொல்வது? முன்திர் ஈரக் கம்பளத்தில் நடந்து போய், கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஹாஜி ஒரே மடக்கில் குடித்தார். உள்ளறையில் பெண்கள் குலவையிட்டார்கள். ரனீம் அழுதாள், சிரித்தாள். ஃபிர்யால் மட்டும் குலவையிடவில்லை.

எல்லோரும் போன பிறகு, கம்பளத்தை மாடிச்சுவரில் போட்டுவிட்டு வந்தாள். அவர் முழங்காலில் உட்கார்ந்து கீழ்த்தொட்டியிலிருந்து குவளை குவளையாகத் தண்ணீரை வாளிக்கு மொண்டுகொண்டிருந்தார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னாடி பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுதானே?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சிவப்பு டேப்பில் கண்ணை வைத்தபடி, வகுப்பில் விடை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

"முப்பத்தி நாலு வருஷமா இந்த வீட்டுல எது கெட்டாலும் நான்தான்னு ஊருக்கெல்லாம் நீ சொல்லி வச்சிருக்க. நீ ஊத்தினதா நான் சொல்லியிருந்தா அங்க ஒருத்தனும் நம்பியிருக்கமாட்டான், உம்மு ரனீம்."