பர்மனென்ட் ஃபோல்டர்

கடைசி ஸ்குரூ மட்டும் அசைவேனா என்றது. வெண்மதி கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் சாய்த்து, முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரை இரண்டு கையாலும் திருகினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா அய்யனார் மாலையும் நெற்றிக் காசுமாக ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பெற்ற மகள் பக்கத்தில் உட்காராமல் உள்ளே என்னத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஒருத்தி அழுகைக்கு நடுவிலேயே கேட்டாள். அழுவதற்கு ஆயுசு முழுக்கக் கிடக்கிறது, அஞ்சலி பேனருக்குப் படம் அனுப்ப மத்தியானம் வரைதான் நேரம் என்று வெண்மதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ரிட்டையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஒருவரிடம் அய்யனார் வாங்கிவந்த கம்ப்யூட்டர் அது. வெண்மதி அதில்தான் படித்தாள். கடலூரில் ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு அவள் போன பிறகு அவரே அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தார். போன மழைக்காலத்தில் இடி விழுந்த அன்றைக்குக் கம்ப்யூட்டர் படுத்ததுதான், அதற்கப்புறம் என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது பார்க்கிறேன் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வாசல்படியில் பெரியப்பா அய்யாசாமி வந்து நின்றார்.

"போதும்மா, எழுந்து வா. கேட் பாஸ்ல ஒரு போட்டோ இருக்குதில்ல. அத குடுத்தா வேல முடிஞ்சிது."

"அது வாணாம் பெரியப்பா. செத்ததுக்கு அப்புறமும் அவர கேட்லயே நிறுத்தப் போறீங்களா?"

கேட் பாஸ் படத்தில் அய்யனார் திருட்டுக் கேஸில் பிடிபட்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருப்பார். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கரி அள்ளியே காலம் போனது. காண்ட்ராக்டில் சேர்ந்தார், காண்ட்ராக்டிலேயே செத்தார். அவர் முகம் அதுதான் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டுமா?

அவள் தேடியது வேறு படம். முதல் சம்பளத்தில் அவள் ஒரு நாற்காலி வாங்கிவந்த அன்றைக்கு எடுத்தது. வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. உட்காருப்பா என்றதும் உட்கார்ந்தவர், அவள் கேமராவைத் தூக்குவதற்குள் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அப்புறம் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். மெயின்ரோடு முக்குக்கு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, மேல்சாதிக்காரர் கலியமூர்த்தி வீட்டைத் தாண்டும்வரை உருட்டிக்கொண்டே போகப் பழகிய மனிதர். அந்த ஒரு படத்தில்தான் அவர் நன்றாக உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் படந்தானக்கா பிரச்சன." தம்பி கார்முகில் பெரியப்பாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "கால்மேல கால் போட்டத கொண்டுபோய் முக்குல கட்டினா சும்மா வுடுவானுங்களா? போன வருசம் பசங்க கட்டின பேனர கிழிச்சிப் போட்டது மறந்துபூட்டியா? நீ பஸ் ஏறி கடலூர் பூடுவ. இங்க இருந்துகினு பதில் சொல்றவன் நானு."

"எவனாவது கேட்டா அக்காதான் கட்டுனான்னு எம்பேர சொல்லு. போன் நம்பரும் குடு."

ஸ்குரூ பொசுக்கென்று கழன்றது. வெண்மதி ஹார்ட் டிஸ்க்கை உருவி முந்தானையில் துடைத்தாள். தனகோட்டி மொபைல் கடையிலிருந்து வாங்கிவந்திருந்த ஒயரை அதில் செருகி, அடாப்டரை பிளக்கில் மாட்டி, மறுமுனையைத் தன் லேப்டாப்பில் சொருகினாள். டிஸ்க் இரண்டு தரம் டொக் டொக்கென்று இடித்தது. பிறகு உர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

திரையில் ஃபோல்டர்கள் வந்தன. போட்டோஸ் என்றிருந்ததில் அம்மன் படங்களும் யாரோ வீட்டுக் காதுகுத்தும் இருந்தன. அவள் பெயர் போட்ட ஃபோல்டரில் அவளுடைய பழைய பாடங்கள். CONTRACT என்று ஒன்று இருந்தது, திறந்தால் வாழ்த்துப் படங்களாகக் கொட்டின. அதற்குக் கீழே PERMANENT. அதை அவள் திறக்கவில்லை. பர்மனென்ட் பண்ணச் சொல்லி அவர் வருசா வருசம் எழுதிய மனுக்களாகத்தான் இருக்கும். இன்றைக்கு அதையும் படிக்க அவளிடம் தெம்பில்லை. மற்ற எல்லாவற்றையும் குடைந்தாள். படம் இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. இடி அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்து விழுந்ததா என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போய்விட்டான் என்று நினைத்த கார்முகில் அங்கேயேதான் நின்றிருந்தான்.

"பர்மனென்ட்ல பாத்தியா?" என்றான்.

"அது மனுதான?"

"மனு இல்லக்கா. நீதான அவருக்கு சொல்லிக் குடுத்த, டெம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்குது, எப்ப வேணா அழிஞ்சிடும்னு. அப்ப அது காண்ட்ராக்டுன்னு சொல்லுன்னாரு. அழிஞ்சா பரவால்லன்றத எல்லாம் காண்ட்ராக்ட்ல போடுவாரு. அழியக் கூடாதுன்றத இதுல போட்டுக்கினு, இனிமே எவனும் இத தூக்க முடியாதுடான்னு சிரிப்பாரு."

வெண்மதி திறந்தாள். கொஞ்சம் படங்கள்தான் இருந்தன. அம்மா மாரியம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பது. கார்முகிலின் பள்ளிக்கூடப் படம். வெண்மதியின் பட்டமளிப்பு. கடைசியில் நாற்காலி.

கார்முகில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

படத்தை வடலூர் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிய கையோடு அங்கிருந்து செங்குட்டுவன் கூப்பிட்டான்.

"அக்கா, முகம் மட்டும் கட் பண்ணி பின்னாடி மேகம் போட்டுடட்டா? எல்லாருக்கும் அப்டித்தான் போடறது."

"மேகமெல்லாம் வாணாம். முழுசா போடு. செருப்பு தெரியணும்."

"கீழ என்னாக்கா போடறது? காண்ட்ராக்ட் தொழிலாளின்னு போட்டுடட்டா?"

"அய்யனார்னு போடு. போதும்."

பேனர் வந்து இறங்கியதும் பெரியப்பாவே முன்னால் வந்தார். நான் போய் முக்கில் கட்டிவிட்டு வருகிறேன், நீங்கள் இங்கே ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார். எதிர்த்துப் பேசிய மனிதர் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறிவிட்டாரே என்று வெண்மதிக்கு ஆச்சரியம். சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு தோன்றவில்லை.

வெயில் தாழப் பாடையைத் தூக்கினார்கள். கார்முகில் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். மேளம் காதைப் பிளந்தது. பெண்கள் முக்கு வரை வந்து திரும்பிவிட வேண்டும் என்பது வழக்கம். மாரியம்மாள் யார் தோளிலும் சாயாமல் நடந்தாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

தூரத்திலேயே அப்பா தெரிந்தார். இரண்டு கம்பத்துக்கு நடுவில், கால்மேல் கால் போட்டு, ஆளை விடப் பெரிசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வெண்மதிக்குக் கண் மறைத்தது. கிட்டே போன பிறகுதான் விஷயம் உறைத்தது. படம் தெருவுக்குள் அவர்களைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது. மெயின்ரோட்டுக்கும் கலியமூர்த்தி வீட்டுக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் வெறும் வெள்ளை முதுகுதான் தெரியும். அவள் பெரியப்பாவைத் தேடினாள். அவர் மேளக்காரர்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாரியம்மாளின் குரல் கேட்டது.

"எறக்குங்க."

பாடையைச் சுமந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எறக்குங்கடா கீழ."

"இங்க எறக்கற வழக்கம் இல்ல மாரியம்மா," என்று பெரியப்பா ஓடிவந்தார். "புளியமரத்தாண்டதான்..."

"மூஞ்சி நம்ம பக்கம் இருக்குது மாமா. நமக்குத்தான் அவர தெரியுமே. தெரியாதவங்க அந்தப் பக்கம் இருக்காங்க. திருப்பிக் கட்டுங்க."

பாடை கீழே இறங்கியது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கலியமூர்த்தி வீட்டு வாசலில் கதவு திறந்து ஆள் தலை தெரிந்தது. இந்த முக்கு வந்தால் மேளம் கொஞ்சம் அடங்கும், அதுதான் வாடிக்கை. மேளக்காரர்கள் மாரியம்மாளைப் பார்த்தார்கள். அவள் அடக்கச் சொல்லிச் சைகை காட்டவில்லை, அதனால் அவர்களும் அடங்கவில்லை.

கார்முகில் திரும்பினான். கொள்ளிச்சட்டியை அக்காவிடம் நீட்டினான். பொம்பளை கையிலா என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள். வெண்மதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சட்டியின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாக ஏறி, கயிற்றை அவிழ்த்து முனைகளை மாற்றினான். பேனர் ஒரு பக்கம் தொங்கி, காற்றில் மடங்கி, மெல்ல ரோட்டுப் பக்கம் திரும்பியது.

கம்பம் ஆடியது. பெரியப்பா வந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டார். தம்பி கடைசி முடிச்சைப் போட்டு இறங்கும்வரை பாடை தரையிலேயே இருந்தது.