மழை இல்லை என்றாள் சுல்மா

எங்கள் வானொலியில் மாலை ஆறு மணி வானிலையை எழுதியவள் சுல்மா. வாசித்தவன் அனிபால். அவன் குரலைக் கேட்பதற்காகவே மொந்தேவிதேயோ நகரத்துப் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவார்கள். குரல் என்னவோ தேன்தான். ஆனால் மேகத்துக்கும் புகைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

நான் இர்மா. தொலைபேசி இணைப்புப் பலகை என் பொறுப்பு. மதியம் காப்பி ஆனதும் கரையோரக் கலங்கரை விளக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து சுல்மாவிடம் கொடுப்பேன். ஒட்டுக்கேட்பதும் என் வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, மேகம் என்ன நிறம் என்று விளக்கைக் காக்கிற அந்தத் தனிமை மனிதர்கள் நிதானமாகச் சொல்வார்கள். அவர்கள் பேச்சுக்குப் பின்னால் அலை புரளும். சுல்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வரைபடத்தில் வளைவு வளைவாகப் பென்சிலை ஓட்டுவாள். அந்த நேரம் எங்கள் ஐந்தாம் மாடி மெதுவாகக் கரையை விட்டு நகர்வது போல் இருக்கும்.

சுல்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த ஒலிவாங்கி. "என் மழையை நானே சொல்லணும் இர்மா," என்பாள். "நான் பெத்த பிள்ளைக்கு அவன் பேர் வைக்கிறான்."

அனிபால் அவளைக் காதலித்தான். அது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனாலேயே அவன்மேல் அவளுக்குக் கூடுதல் எரிச்சல்.

ஆகஸ்ட் முப்பது புனித ரோசா நாள். அன்றைக்குப் புயல் மழை கொட்டியே தீரும். கடவுளை நம்பாதவன்கூட எங்கள் ஊரில் அந்த மழையை நம்புவான். அதற்கு முந்தைய நாள் சுல்மா எழுதிக்கொண்டு வந்தாள்: நாளை தெளிந்த வானம்.

நிலைய முதலாளி எவரிஸ்தோ காகிதத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இந்த நிகழ்ச்சிக்குக் காசு கொடுக்கிறது யாரு? குடைக்கடைக்காரர். புனித ரோசா அன்னிக்கு மழை இல்லைன்னா அவர் என் கழுத்தை நெரிப்பாரு."

"வானத்துக்கு உங்க குடைக்கடைக்காரரைத் தெரியாது முதலாளி."

"மழை வந்துச்சுன்னா?"

"திரும்பப் பழைய தட்டச்சு வேலைக்கே போயிடறேன். வரலைன்னா ஆறு மணி என்னோடது. ஆனா இன்னிக்கு நான்தான் வாசிப்பேன்."

மனிதர் சிரித்துவிட்டார். ஜெயித்த பந்தயம் என்று நினைப்பு. அன்று மாலை சுல்மா உட்கார்ந்து, கொஞ்சம் கரகரத்த தன் சாதாரணக் குரலில், துணி துவைத்துக் காயப்போடுங்கள் என்று ஊருக்கே சொன்னாள். என் பலகை முழுக்க விளக்குகள் எரிந்தன. "புனிதரையே லீவு போடச் சொல்ற அந்தப் பொண்ணு யாருடீ?" என்று ஒரு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தது பாருங்கள், அப்படி ஒரு விடியலை நான் கண்டதில்லை. கடல்போல் அகன்ற எங்கள் ஆறு முழுக்க வெளிறிய பொன்னிறம். மொட்டைமாடிகளில் வெள்ளைத் துணிகள் அசையாமல் தொங்கின. டிராம்கூடச் சத்தமில்லாமல் போனது போலிருந்தது. கிழவர்கள் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் சங்கடமாக நடந்தார்கள். இளசுகள் கையை வீசிக்கொண்டு போனார்கள். சுல்மா ஜன்னல் ஓரம் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி, தன் நகரத்தைப் பார்க்கிற ராணி மாதிரி நின்றாள்.

மூன்று மணி வாக்கில் தென்மேற்கில் ஒரு கோடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது சுவராகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அனிபால் வெளியே கிளம்பினான். சுல்மா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, ரொட்டிக்கடையில் ஏதாவது வாங்கி வருகிறானாம். என் குடையை நீட்டினேன்.

"எதுக்கு? சுல்மா மழை இல்லைன்னு சொல்லியிருக்கா."

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அங்க பாரு!"

"பாத்தேன்," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போனான். பைத்தியக்காரன்.

மழை கொட்டித் தீர்த்தது. வெள்ளைத் துணிகள் கூரை கூரையாய்ப் பறந்தன. ஆறு மணிக்குச் சற்று முன்னால் அனிபால் வந்து சேர்ந்தான். சட்டையில் நனையாத இழை ஒன்றுகூட இல்லை, ரொட்டிப் பொட்டலம் கூழாகியிருந்தது. "போய் உட்காரு, வாசி," என்றார் எவரிஸ்தோ. அவன் நாற்காலியை இழுத்தான். சுல்மா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளு. தப்பு என்னோடது, நான்தான் சொல்வேன்."

ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இனி யாரும் சண்டை போட முடியாது.

"நேத்து மழை இல்லைன்னு சொன்னது நான்தான்," என்றாள் ஊரைப் பார்த்து. "கொலோனியா கலங்கரை விளக்கத்துக்காரர் காற்றழுத்தம் இறங்குதுன்னு சொன்னார். அவர் கருவி பழசுன்னு ஒதுக்கிட்டேன். இந்த நாற்காலிக்காக எனக்குத் தெளிஞ்ச வானம் தேவைப்பட்டுச்சு, அதான் காரணம். உங்க துணிக்கு மன்னிச்சுக்குங்க. நாளைக்குக் காலையில வெயில். சாயங்காலம் தென்மேற்குக் காத்தோட மறுபடி மழை."

பிறகு எழுந்து, மேசையைக் காலி செய்யப் போனாள். எனக்கு அழுகையாக வந்தது. அதற்குள் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. குடைக்கடைக்காரர்!

"அந்தப் பொண்ணை விட்டுறாதீங்க!" என்று கத்தினார். "மழைன்னு சொன்னா வீட்டுப் பழங்குடையை எடுத்துட்டு வர்றான். இல்லைன்னு சொன்னா நனைஞ்சுபோய் என் கடைக்குள்ள ஓடி வர்றான். கடையில ஒரு குடை மிச்சமில்லை. தினம் அவளே பேசட்டும்!"

எவரிஸ்தோ சுல்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஆறு மணி இனி உன்னோடது என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாகச் சொல்வாள் என்றா நாற்காலி கொடுக்கிறார்கள்? நானாயிருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். சுல்மா எடுத்த பென்சிலைத் திரும்ப மேசையில் வைத்தாள். அப்புறம், "நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன். இனி சரியாத்தான் சொல்வேன், குடைக்கடைக்காரர் சீக்கிரமே வருத்தப்படுவார்," என்றாள்.

அடுத்து, ஈரம் சொட்ட நின்றவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு அறிவிருக்கா? கண்ணெதிர்ல மேகம் நிக்குது!"

"நீ சொன்னியே."

"என்னைக் கண்ணை மூடிட்டு நம்புறவன் எனக்கு வேண்டாம். தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

அனிபால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சரி, சொல்றேன். நேத்து நீ சொன்னது தப்பு. ஆனா நீ வாசிச்சது என்னைவிட நல்லாயிருந்துச்சு. ராத்திரி பூரா எனக்கு வயிறு எரிஞ்சுது."

அவள் முதன்முறையாக அவனை நின்று பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா. நாளைக்குச் சாயங்காலம் கரையோரமா நடக்க வர்றியா?"

"மழைன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"நேத்தும்தான் ஏதோ சொன்ன."

கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி அவன் தோளில் ஒன்று போட்டாள். மறுநாள் வானிலை முடிந்ததும் போகவும் செய்தாள்.

நடந்ததை அனிபால்தான் என்னிடம் சொன்னான். விளக்குகள் ஏற்றியிருந்தார்களாம், ஆறு கறுப்பாகப் பளபளத்ததாம். தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கக் குனிந்தானாம். சரியாக அப்போது முதல் துளி விழுந்திருக்கிறது. சுல்மா அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, முகத்தை மழைக்குக் கொடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாளாம்:

"பாத்தியா, தென்மேற்கு!"